வாசலுக்கு எதிரே ஒரு முழம்

தம்பி, பேய் பிசாசெண்டு ஆரும் கதைக்கத் தொடங்கினா எழும்பிப் போற ஆள் நான். இதை முதல்லை மனசிலை வைச்சுக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கோ. இஞ்சை பாபகூரா எண்ட இடத்திலை ஒரு வீடு, கிழவர் ஒருத்தர் தனிய இருந்து செத்து, ஆருக்கும் தெரியாமல் கனநாள் கிடந்த வீடு. அதுக்கு பெயின்ட் அடிக்க ரெண்டு பேர் மாட்டன் எண்டிட்டினம், நான் போனனான். அடிச்சது மட்டுமில்லை, மத்தியானம் சோத்தைத் திண்டிட்டு அந்த மனுசன் கிடந்த அறையிலையே அரை மணித்தியாலம் நித்திரையும் கொண்டனான். எங்கட வீட்டிலை வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலே, சீலிங் மஞ்சளாகுமெண்டு சத்தம் போடுற ஆள் நான். அப்பிடிப்பட்ட ஆள் தான் இதைச் சொல்லுறன்.

நீங்கள் தமிழ்நாட்டு ஆள், கம்ப்யூட்டர் வேலை வேறை, எல்லாத்துக்கும் ஒரு காரணம் கேப்பியள். கேளுங்கோ, கேக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. முதலாவது பூச்சுக் காயுமட்டும் எனக்கும் வேலையில்லை. என்ட யாழ்ப்பாணத் தமிழ் எங்கையாவது விளங்காட்டிக் கையைத் தூக்குங்கோ, நிப்பாட்டுறன். காலமை நீங்கள் கேட்டனீங்களெல்லோ, "என்னண்ணா, இவ்ளோ வருஷ அனுபவம், இன்னும் எல்லா ஓரத்துலயும் டேப் ஒட்டித்தான் பெயின்ட் அடிக்கிறீங்களா?" எண்டு. அதுக்கு மறுமொழியும் இந்தக் கதைக்குள்ளை தான் கிடக்கு.

என்ட வேலையைப் பற்றி நானே பெருமை பேசக்கூடாது, ஆனா பேசாமல் இருக்கவும் ஏலாது. இந்த நியூசிலாந்திலை, ஒக்லாந்திலை, இருவது வருசத்துக்கு மேலை சுவர் அடிக்கிறன். அடிச்சு முடிச்சாப் பிறகு சுவரோடை சேத்து டோர்ச் லைட்டைப் பிடிச்சுப் பாப்பன், ஒரு ரோலர் தடம் தெரிஞ்சாலும் திருப்பி அடிப்பன். வெள்ளையிலையே நாப்பது வெள்ளை இருக்கு, கண்ணைக் கட்டிவிட்டாலும் மணத்திலை ரெண்டு மூண்டைப் பிடிப்பன். ஆனா கை மட்டும் அஞ்சாறு வருசமா மெல்லிசா நடுங்குது தம்பி. ரோலர் பிடிக்கேக்கை தெரியாது, பிரஷாலை ஓரம் வெட்டேக்கை, அதுதான் விளிம்பிலை நேர்கோடு இழுக்கேக்கை, தெரியும். அதுதான் டேப். இது எனக்கும் மனுசிக்கும், உங்கட பாஷையிலை மனைவிக்கும், மட்டும் தெரிஞ்ச விசயம், இப்ப உங்களுக்கும் சொல்லிப்போட்டன், வெளியிலை விடாதேங்கோ.

என்ட மனுசி வற்சலா, வயசுபோன ஆக்களைப் பாக்கிற ஒரு ஹோமிலை வேலை. கலியாண வீடு, பிறந்தநாள் எண்டு போனா எங்கட சனம் கேக்கும், "இன்னும் அந்த ஹோமிலை தானோ?" எண்டு. கேக்கிற விதத்திலையே விளங்கும். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பன். ஏனெண்டால் அவவுக்குப் படம் கீற வரும், நீங்கள் வரையிறது எண்டு சொல்லுவியளே, அது. வருமெண்டால் சும்மா பூவும் மயிலும் இல்லை. சாப்பாட்டு இடைவேளையிலை அந்த ஹோமிலை இருக்கிற ஆக்களின்ட கையைக் கீறுவா, அவையிட்டைக் கேட்டு, பென்சிலாலை. முகம் கீறமாட்டா, கை மட்டும் தான். அந்தக் கையைப் பாத்தா ஆள் ஆரெண்டு தெரியும். நான் இருவது வருசமா அவவோடை இருக்கிறன், அவ கீறின என்ட கையைப் பாத்த பிறகு தான் எனக்கே நடுக்கம் இருக்கெண்டு விளங்கினது, அவ்வளவுக்கு இருக்கும்.

அங்கை ரூத் எண்டு ஒரு அம்மா இருந்தவ. தொண்ணூறைத் தாண்டின மனுசி, யூத ஆள். சின்னனிலை ஐரோப்பாவிலை இருந்து தகப்பனோடை கப்பலிலை வந்தவவாம். எங்களைப் போலைதான், ஊர் இருக்க விடாமல் வந்த ஆள். அதாலையோ என்னவோ ரெண்டு பேருக்கும் நல்ல ஒட்டு. நல்ல உயரமான மனுசி, வாயும் நீளம். ஒருநாள் கையை மேசையிலை நீட்டி வைச்சிட்டுச் சொன்னாவாம், "முழங்கையிலை இருந்து விரல் நுனி வரைக்கும் கீறு. சின்னனாக்காதை, உள்ள அளவுக்குக் கீறு."

வற்சலாவும் கீறினவ. ரூத் அம்மாவுக்கு மூட்டுவாதம், வலக்கை நடுவிரல் நிமிராது, கீழ்ப்பக்கமா மடங்கித்தான் நிக்கும். எங்கட ஆள் பாவம் பாத்து அந்த விரலைப் படத்திலை கொஞ்சம் நிமித்திக் கீறிப்போட்டா. கிழவி அழிறப்பரை வாங்கி தானே அந்த விரலை அழிச்சுப்போட்டுச் சொல்லிச்சுதாம், "இருக்கிறபடி கீறு" எண்டு. பிறகு ஒழுங்கா அளந்து கீறினவ. படத்தின்ட பின்பக்கம் பென்சிலாலை சின்னனா எழுதியும் வைச்சவ, நாப்பத்திநாலு சென்டிமீட்டர் எண்டு. இந்தக் கணக்கை ஞாபகம் வைச்சிருங்கோ.

ரூத் அம்மா சும்மா இருக்கேல்லை. யூத ஆக்களின்ட கம்யூனிட்டி சென்டரிலை ஒரு கலரி இருக்கு, வருசத்துக்கு மூண்டு நாலு தரம் படக் கண்காட்சி வைப்பினம். அதைப் பாக்கிற மிரியம் எண்ட பொம்பிளையை ஹோமுக்கே கூப்பிட்டு, "இவ கீறினதைப் பார்" எண்டு வற்சலாவின்ட பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறா. மிரியம் ஒவ்வொண்டாத் தூக்கி வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தாவாம். அடுத்த கண்காட்சிக்குக் "கைகள்" எண்டு பேர் வைச்சு, வற்சலாவின்ட எட்டுப் படத்தை எடுத்து, ரூத் அம்மாவின்ட கையை வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரிலை, நடுவிலை வைக்கிறதெண்டு முடிவு. உள்ளை வாற ஆள் முதல்லை காணுறது அதைத்தான். தம்பி, நான் அண்டைக்கு மோட்டர்வேயிலை வேலைக்குப் போகேக்கை வானுக்குள்ளை தனிய இருந்து சிரிச்சுக்கொண்டு போனனான்.

கண்காட்சிக்கு ரெண்டு மாசம் இருக்கேக்கை ரூத் அம்மா போயிட்டா. நித்திரையிலை, வற்சலா வேலையிலை நிக்கேக்கை தான். பிள்ளையள் வந்து, "அம்மா ஆசைப்பட்டது, கட்டாயம் வையுங்கோ" எண்டு சொல்லிப்போட்டினம். அதுக்குப் பிறகு வற்சலாவுக்குப் பயம் பிடிச்சிட்டுது. "நான் ஹோமிலை வேலை செய்யிற ஆள், அந்தச் சுவருக்கு நான் தகுமோ தெரியாது, கூடிப்போச்சோ தெரியாது" எண்டு ராத்திரியிலை எழும்பி இருப்பா. பெயின்ட்காரன் நான் என்ன ஆறுதல் சொல்லுறது? எனக்குத் தெரிஞ்சது ஒண்டு தான். மிரியத்துக்குப் போன் பண்ணி, கண்காட்சிக்கு முன்னம் கலரிச் சுவரை நான் தான் அடிப்பன் எண்டு சொன்னன். என்ட மனுசியின்ட படம் தொங்கிற சுவரை வேறை ஒருத்தன் அடிக்கிறதோ?

வெள்ளிக்கிழமை காலமை போனன். வாசலிலை ஒரு காவல்காரர், பேர் லிஸ்டிலை இருக்கோ எண்டு பாத்து, வானைத் திறந்து ஒவ்வொரு வாளியா மூடி கழட்டிப் பாத்தார். ஆரும் தாக்கிடுவினமோ எண்ட பயம் யூத ஆக்களுக்கு, எனக்கு அது புதுசில்லை, ஊரிலை பாக்காத செக்பொயின்டோ. மிரியம் வந்து அவசரமாச் சுவர்களைக் காட்டினா, பழைய ஆணி ஓட்டையளைக் காட்டினா, பின்னேரம் மூண்டரைக்கு முன்னம் முடிக்கவேணும் எண்டா. குளிர்காலம், பொழுது கெதியாப் படும், வெள்ளி பொழுது பட்டா அவையளுக்கு ஓய்வுநாள் தொடங்கும். பிறகு சனிக்கிழமை இருளுமட்டும் வேலை இல்லை, கார் ஓடுறேல்லை, போன் தொடுறேல்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்கை ஆரோ கூப்பிட, ஓடிப்போட்டா.

வாசலுக்கு எதிர்ச் சுவரைப் பாத்தன். நெஞ்சு உயரத்திலை ஒரு சதுரம், பெயின்டே இல்லாமல், வெறும் சாம்பல் சீமெந்துப் பூச்சுத் தெரியுது. கரடுமுரடாக் கிடக்கு. எனக்குச் சிரிப்பு. ஏனெண்டால் இது எங்கட தொழிலிலை எல்லாருக்கும் தெரிஞ்ச கள்ளம். முந்தி அதிலை ஒரு நோட்டீஸ் போர்டோ எதுவோ இருந்திருக்கும், அடிச்சவன் அதைக் கழட்டப் பஞ்சிப்பட்டு, சோம்பலிலை, சுத்தி அடிச்சிட்டுப் போயிருக்கிறான். பிறகு போர்டைக் கழட்ட, உள்ளது தெரிஞ்சிட்டுது. எத்தினை வீட்டிலை ஃபிரிட்ஜுக்குப் பின்னாலை இதைக் கண்டிருப்பன்! என்ட மனுசியின்ட சுவரிலை இது நிக்க விடுவனோ?

வெறும் பூச்சு பெயின்டைக் குடிக்கும், அதாலை முதல்லை அதை அடைக்க எவ்வளவு சீலர் வேணுமெண்டு அளந்தன். நாப்பத்தாறுக்கு நாப்பத்தாறு. கொப்பியிலை எழுதினன், எழுதாமல் ஒரு வேலையும் செய்யிறேல்லை. பட்டி பூசி, மினுக்கி, சீலர் அடிச்சு, ஹீட்டரைப் போட்டுக் காயவைச்சு, முழுச் சுவரோடையும் சேத்து ரெண்டு பூச்சு. மூண்டேகாலுக்கு டோர்ச் பிடிச்சுப் பாத்தன். அங்கை ஒரு சதுரம் இருந்ததெண்டு பெத்த தாய்க்கும் தெரியாது. போட்டோ எடுத்து வற்சலாவுக்கு அனுப்பினன். இஞ்சை பாருங்கோ, இப்பவும் போனிலை கிடக்கு. சிரியுங்கோ சிரியுங்கோ, வெள்ளைச் சுவரைக் காட்டி சாட்சி எண்டுறான் எண்டுதானே யோசிக்கிறியள். மணியைப் பாருங்கோ, அது போதும்.

மிரியம் கார் நிப்பாட்டுற இடத்திலை நிண்டே கையைக் காட்டினா, நேரம் போச்செண்டு. உள்ளை வந்து பாக்கேல்லை. காவல்காரர் கதவைப் பூட்டி அலாரத்தைப் போட்டார், நான் பக்கத்திலை தான் நிண்டனான்.

சனிக்கிழமை இரவு தகனினி எண்ட இடத்திலை ஒரு பிள்ளையின்ட பிறந்தநாள், பாட்டுச் சத்தம். போனிலை ஒரு மிஸ்ட் கோல், குரல் செய்தி ஒண்டும் கிடந்தது. தெரியாத நம்பர். கொட்டேஷன் கேட்டு நச்சரிக்கிற ஆரோ எண்டு நினைச்சு நான் கேக்கேல்லை. அதைக் கேட்டிருந்தா இந்தக் கதை வேறை மாதிரி.

ஞாயிறு ரெண்டு மணிக்குத் திறப்பு. காலமை எட்டரைக்கே நானும் வற்சலாவும் படங்களோடை போனம். காவல்காரர் அலாரத்தை நிப்பாட்டிக் கதவைத் திறந்துவிட்டார். வற்சலா வானடியிலை நிண்டா, நான் தான் முதல் உள்ளை போனனான். லைட்டைப் போட்டன்.

சதுரம் திருப்பி நிக்குது.

தம்பி, பெயின்ட் உரிஞ்சா தோல் மாதிரி விழும், கீழை கிடக்கும். சுரண்டினாத் தூசு இருக்கும். ஈரமெண்டால் கொப்பளிக்கும். ஒண்டுமில்லை. நிலத்திலை ஒரு பொட்டுத் தூள் இல்லை. நான் பூசின பட்டியும் இல்லை, சீலரும் இல்லை, அதே சாம்பல் பூச்சு, அதே கரடுமுரடு. சுத்திவர என்ட வெள்ளை ஒரு கீறல் இல்லாமல் நிக்குது, கத்தியாலை வெட்டின மாதிரி நேர் விளிம்பு. எனக்கு முதல்லை வந்தது பயமில்லை, கோவம். எவனோ என்ட வேலையிலை கை வைச்சிட்டான்! காவல்காரரிட்டை ஓடிப்போய்க் கேட்டன். அவர் அலாரப் பதிவைப் பாத்திட்டு, "வெள்ளிக்குப் பிறகு இந்தக் கதவை நான் இப்ப தான் திறக்கிறன்" எண்டார்.

வற்சலா வந்து பாத்தா. "இஞ்சேருங்கோ, நீங்கள் போட்டோ அனுப்பினீங்கள் தானே?" எண்டு கேட்டா. "அனுப்பினன்." "அப்ப இது என்ன?" "நீர் ஒண்டும் யோசிக்காதையும், ஒரு மணித்தியாலத்திலை சரியாக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு வாளியைத் திறந்தன்.

பட்டிக்கு நேரமில்லை. கெதியாக் காயிற சீலர், அதுக்கு மேலை ஒரு தடிச்ச பூச்சு, முழுச் சதுரத்தையும் மூடி, அரை அடி வெளியிலையும் எடுத்து ரோலரை ஓட்டினன். காஞ்சிட்டுதோ எண்டு நடுவிலை பெருவிரலை வைச்சுப் பாத்தன், ஒட்டிச்சுது, விரலிலை வெள்ளை. கதிரையைப் போட்டு முன்னாலை இருந்தன், பாப்பம் எவன் வாறானெண்டு. அப்ப வற்சலா வானடியிலை இருந்து கூப்பிட்டா, ரூத் அம்மாவின்ட படம் கண்ணாடிச் சட்டத்தோடை பாரம், ஒராளாலை தூக்கேலாது. போய் ரெண்டு பேருமாத் தூக்கிக்கொண்டு வந்தம். அஞ்சு நிமிசம் இருக்குமோ, இருக்காது.

உள்ளை வரேக்கை பெயின்ட் மணம் மூக்கிலை அடிக்குது, வாளிக்குள்ளை ரோலர் ஈரம், என்ட பெருவிரலிலை வெள்ளை காயேல்லை. சுவரிலை சாம்பல் சதுரம். படத்தை மெல்ல நிலத்திலை இறக்கிப்போட்டுக் கையை வைச்சுப் பாத்தன். காஞ்சு, குளிர்ந்து கிடக்கு, பெயின்டே காணாத பூச்சு மாதிரி. அப்பிடியே நிலத்திலை இருந்திட்டன். நம்பினா நம்புங்கோ, நம்பாட்டி விடுங்கோ, நான் அதைக் கண்ணாலை கண்டனான், வற்சலாவும் கண்டவ.

"நான் சொன்னனான் தானே" எண்டு வற்சலா அழத் தொடங்கிட்டா. "இந்தச் சுவர் எனக்கில்லை. வேண்டாமெண்டு ஆரோ சொல்லுகினம். படத்தைத் திருப்பி ஏத்துங்கோ, வீட்டை போவம்." எனக்கு அதுதான் பெரிய அடி. சதுரம் போனாப் போகட்டும். இவ்வளவு வருசத்துக்குப் பிறகு இந்த மனுசி ஒரு சுவருக்கு வந்திட்டு, என்ட கண்ணுக்கு முன்னாலை திரும்பிப் போறதெண்டால் அதை என்னெண்டு தாங்குறது?

அந்த நேரம் பாத்து மிரியம் வந்தா, கையிலை பூங்கொத்து, ஓடி வாறா. வாசலிலை நிண்டு எதிர்ச் சுவரைப் பாத்தவுடனை நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு, "கடவுளே, நன்றி, அடிக்காமல் விட்டிட்டீங்கள்!" எண்டா. இங்கிலீசிலை தான், நான் எங்கட பாஷையிலை சொல்லுறன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

பிறகு சொன்னா. அவையளின்ட பெரிய கோயில் முந்தி ஒரு காலத்திலை இடிபட்டுப் போச்சாம். அதை மறக்கக்கூடாதெண்டு, வீடு கட்டினா வாசலுக்கு எதிர்ச் சுவரிலை ஒரு சதுரத்தைப் பூர்த்தியாக்காமல் விடுவினமாம். எவ்வளவு வடிவான வீடெண்டாலும் அந்த ஒரு இடம் குறையாத்தான் நிக்கவேணும். எல்லாரும் இப்ப செய்யிறேல்லை, ஆனா இந்தக் கட்டடத்தைக் கட்டின ஆக்கள், இதுவும் எங்கட வீடுதான் எண்டு விட்டவையாம். "வெள்ளிக்கிழமை பொழுதுபட விளக்குக் கொளுத்தின பிறகு தான் எனக்கு ஞாபகம் வந்தது, உங்களுக்குச் சொல்லேல்லை எண்டு. போன் எடுக்கேலாது. சனிக்கிழமை முழுக்க அழுகிற நிலை. இருளினவுடனை வீட்டுப் போனிலை இருந்து எடுத்தன், நீங்கள் தூக்கேல்லை, அடிச்சிருந்தாச் சுரண்டிவிடச் சொல்லிச் செய்தி விட்டன். கேட்டனீங்கள் போலை." 

கேட்டனான் எண்டு சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். நல்ல பேரும் கிடைச்சிருக்கும். வற்சலா என்னைப் பாத்தா. நான் பெருவிரலைக் காட்டினன். "இல்லை. நான் அடிச்சனான். ஒருக்கா இல்லை, ரெண்டு தரம்." போட்டோவையும் காட்டினன். மிரியம் போட்டோவைப் பாத்தா, சுவரைப் பாத்தா, என்ட விரலைப் பாத்தா. என்னை விசரன், பைத்தியக்காரன் எண்டு நினைச்சாவோ தெரியாது. போய்ச் சுவரிலை கையை நீட்டி வைச்சா, முழங்கையை ஒரு விளிம்பிலை, விரலை மற்ற விளிம்புப் பக்கமா. "இதுதான் அளவு, ஒரு கை" எண்டா. அவ கட்டை, எட்டேல்லை.

"முழம்!" எண்டு வற்சலாவும் நானும் ஒண்டா சொன்னம். உங்கட பக்கம் மல்லிகைப்பூ விக்கிறவை முழம் போட்டு அளப்பினமே, அதேதான். அவையளுக்கும் அதே அளவாம். பூக்காரியின்ட கை கட்டையெண்டால் பூக் குறையும், சனம் சண்டை பிடிக்கும் எண்டு வற்சலா சொல்ல, மிரியம் முதல் தரமாச் சிரிச்சா. "இஞ்சையும் அந்தச் சண்டை நடந்தது" எண்டா. கட்டடம் கட்டேக்கை கமிட்டி ஆம்பிளையள் ஆரின்ட கையாலை அளக்கிறதெண்டு மணிக்கணக்காத் தர்க்கமாம். கடைசியிலை ஒரு உயரமான பொம்பிளை எழும்பி, தன்ட கையைச் சுவரிலை வைச்சு, "இந்தாங்கோ, கோடு போடுங்கோ, வீட்டை போவம்" எண்டாவாம்.

மிரியம் நிலத்திலை இருந்த படத்தைப் பாத்துக்கொண்டு சொன்னா, "ரூத்."

வற்சலா கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "இஞ்சேருங்கோ, அந்தப் பக்கம் பிடியுங்கோ" எண்டா. படத்தைத் தூக்கி சதுரத்துக்குக் கீழ் விளிம்போடை பிடிச்சம். உள்ள அளவுக்குக் கீறின படமெல்லோ. படத்திலை முழங்கை இடது விளிம்பிலை நிண்டுது. மடங்கின விரல் நுனி வலது விளிம்பிலை மட்டுமட்டா நிண்டுது. மிரியம் வாயைப் பொத்தினா. அவவுக்கு அது அதிசயமாத் தெரிஞ்சது, ரூத்தின்ட கை ரூத்தின்ட கைக்குச் சரி எண்டு.

எனக்குத்தான் கணக்கு இடிச்சுது. ஏனெண்டால் அது சரிவரக்கூடாது. இளம் வயசிலை விரல் நிமிந்த கையாலை போட்ட கோடு. வெள்ளிக்கிழமை நான் அளந்தது நாப்பத்தாறு. படத்திலை இருக்கிறது நாப்பத்திநாலு. கொப்பியை எடுத்துப் பாத்தன், நாப்பத்தாறு தான். அளக்கிற டேப்பை எடுத்துச் சுவரை அளந்தன். அகலம் நாப்பத்திநாலு. உயரமும் நாப்பத்திநாலு. மேல் பக்கமும் வலப்பக்கமும் ரெண்டு சென்டிமீட்டர், வெள்ளிக்கிழமை வெறும் பூச்சா இருந்த இடம், இப்ப வெள்ளை. என்ட வெள்ளை. தொட்டுப் பாத்தன், அதிலை இன்னும் ஈரம், சற்று முன்னம் நான் அடிச்ச ஈரம்.

நீங்களே சொல்லுங்கோ தம்பி. ரூத் அம்மா தன்ட முழத்தை என்னட்டை இருந்து திருப்பி எடுத்திட்டா. ஆனா இப்ப இருக்கிற கைக்கு எட்டின அளவை மட்டும் தான் எடுத்தவ. இருக்கிறபடி. எட்டாத ரெண்டு சென்டிமீட்டரை எனக்கு விட்டிட்டுப் போயிட்டா. நான் அதை வேறை விதமா யோசிச்சுப் பாத்தன், ஈரம், பூச்சு, பழைய கட்டடம், எல்லாம் யோசிச்சன், என்ட தொழில் அதுதானே. ஒண்டும் பொருந்தேல்லை.

வற்சலா பிறகு அழேல்லை. "சுவர் வேண்டாமெண்டு சொல்லேல்லை, என்ன?" எண்டு மெதுவாக் கேட்டா. "உம்மட படத்தை அளந்து பாத்துத்தான் விட்டிருக்கிறா, நீர் வேறை" எண்டன். சதுரத்தை மூடக்கூடாது, அதாலை படத்தை அதுக்குக் கீழை, விளிம்புக்கு நேரா, முழங்கைக்கு முழங்கை, விரலுக்கு விரல் தொங்கவிட்டம். ரெண்டு மணிக்குச் சனம் வந்துது. வாசலிலை வந்த ஒவ்வொருத்தரும் அப்பிடியே நிண்டினம். ரூத் அம்மாவின்ட மகன், அவரே எழுவது வயசுக்காரர், கிட்டப் போய் அந்த மடங்கின விரலைப் பாத்திட்டு, திரும்பி வந்து வற்சலாவின்ட ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டார். நான் பக்கத்திலை ஷேர்ட் மடிப்புக் கலையாமல் நிண்டு, வாறவை போறவைக்கெல்லாம் "கீறினது என்ட மனுசி, சுவர் நான்" எண்டு சொல்லிக்கொண்டிருந்தன். எங்கட சனமும் நாலு குடும்பம் வந்தது. அண்டைக்குப் பிறகு ஒருத்தரும் அந்த "இன்னும் ஹோமிலை தானோ" எண்ட கேள்வியைக் கேக்கேல்லை. கேட்டாலும் சொல்லுவன், ஓம், இன்னும் அங்கை தான், அங்கை இருந்துதான் கீறுறா எண்டு.

அந்த ரெண்டு சென்டிமீட்டரைச் சுரண்டிப் பழையபடி ஆக்கித் தாறன் எண்டு மிரியத்திட்டைச் சொன்னனான், தொழில் நேர்மை எண்டு ஒண்டு இருக்கெல்லோ. கமிட்டியிலை கேட்டுப்போட்டு, "விடுங்கோ, அவ அளந்தது அளந்ததுதான்" எண்டிட்டா. அப்ப தான் எனக்குத் தெரிஞ்சது, என்ட கதையை மிரியம் முதல்லையே நம்பிட்டா எண்டு.

இப்ப ஒவ்வொரு கண்காட்சிக்கும் அந்தச் சுவர் நான் தான். ஒருக்காச் சாம்பல் நிறம் கேட்டினம், ஒருக்கா நீலம், பிறகும் வெள்ளை. போற நேரமெல்லாம் அளந்து பாப்பன், நாப்பத்திநாலு, மாறேல்லை. ஒண்டு தான் இன்னும் என்னை விடாமல் கிடக்கு, வற்சலாவுக்கும் கனநாள் சொல்லேல்லை. அடுத்த கண்காட்சிக்கு முதல் தரம் போகேக்கை சதுரத்துக்குச் சுத்திவர டேப் ஒட்டினன், ஒட்டேல்லை. வெறும் பூச்சிலை பிடிக்காது எண்டு நினைச்சு, புது டேப் எடுத்தன், அதுவும் விழுந்துது. வேறை வழியில்லாமல் பிரஷை எடுத்து, நடுங்கிற கையோடை, விளிம்பு வெட்டப் போனன். பிரஷ் விளிம்புக்குக் கிட்டப் போகேக்கை நடுக்கம் நிண்டிட்டுது தம்பி. மணிக்கட்டை ஆரோ கீழை இருந்து மெல்லத் தாங்கிப் பிடிச்சமாதிரி. நாலு விரல் மணிக்கட்டைச் சுத்தி நிக்குது, நடுவிலை ஒண்டு மட்டும் மடங்கி, நகத்தாலை முட்டுது. நாலு பக்கமும் ஒரே இழுவையிலை, முடி கூட விலகாத கோடு.

வாறவையெல்லாம் அந்த விளிம்பைப் பாத்து, "என்ன கை உங்கட கை!" எண்டு சொல்லுவினம். நானும் சிரிச்சுக்கொண்டு நன்றி சொல்லிப்போடுவன். இந்த ஊரிலை நான் அடிச்ச சுவருக்குக் கணக்கில்லை, எல்லாத்துக்கும் மார்தட்டுவன், உங்கட இந்தச் சுவருக்கும் தட்டுவன். அந்த நாலு கோடு மட்டும் நான் போட்டதில்லை.